நாலு இல்லாத பாட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் இரண்டு பேரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு, குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதேபோல, சண்டை கொஞ்சம் குறைவாகவும் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாகவும், சுகமாக இருக்க வேண்டும். உறையைப் பார்த்ததும் உனக்கு நெஞ்சு திக்கென்று ஆகியிருக்கும், பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. அப்பாவின் முழங்கால் பழையபடிதான் இருக்கிறது, என் இருமல் போய்விட்டது. நேற்றுக்கூடப் போனில் அரைமணி நேரம் பேசினவள் இன்றைக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறாள், கிழவிக்குப் பொழுது போகவில்லையா என்று நீ நினைப்பாய். உன் அப்பாவுக்கு வலது காது மந்தமான பிறகு இந்த வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான். நீ அங்கே தும்மினால் இங்கே பக்கத்து வீட்டுக்காரி நலம் விசாரிக்கிறாள். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றால் எனக்குப் பேனாவை விட்டால் வேறு கதி இல்லை. முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லாத விஷயம், அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுமையாகப் படி.

நம்ம சின்னவன், குழந்தைகள் கேட்பதற்காகப் பாட்டு ஆல்பம் போடுகிற கதை உனக்குத் தெரியும், ஆனால் உன் தம்பி உன்னிடம் சொன்னது பாதிதான் இருக்கும். அவனுக்குத் தினப்படி பிழைப்பு அந்த ஒலிப்பதிவு அறையில் டோக்கன் எண் பதினேழு, கதவுகள் மூடப்படுகின்றன, தயவுசெய்து வரிசையில் நிற்கவும் என்று அறிவிப்புகளைப் பதிவு செய்து கொடுப்பது. எத்தனை நாளைக்குத்தான் கதவை மூடிக்கொண்டே இருப்பது, சொந்தமாக ஒன்று செய்கிறேன், நம்ம வீட்டுப் பாட்டெல்லாம் சேர்த்துக் குழந்தைகளுக்கு ஒரு ஆல்பம் போடறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கும் கையுமாக வந்து நின்றான். நம்ம வீட்டில் ஏதுடா பாட்டு, உங்களைக் குளிப்பாட்ட, நகம் வெட்ட, மருந்து கொடுக்கக் கத்தினோம், கத்திக் கத்தி அலுத்துப்போய்க் கொஞ்சம் ராகமாகக் கத்தினோம், அவ்வளவுதான் என்றேன். அதைத்தாம்மா கேக்கறேன் என்றான். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் எட்டுப் பாட்டு தேறியது. நகம் வெட்டுகிற பாட்டு, கசப்பு மருந்துப் பாட்டு, ஒற்றைச் சாக்ஸைத் தேடுகிற பாட்டு, கரண்ட் போன பாட்டு என்று எட்டு. அதில் என்னுடையது ஒன்றே ஒன்று, தலைக்கு ஊற்றும்போது பாடுவேனே, கண்ணை மூடு கண்ணை மூடு இதுதான் கடைசிச் சொம்பு என்று. கடைசிச் சொம்பு என்று சொல்லிச் சொல்லி மூன்று சொம்பு ஊற்றுவேன், அதனால் நீங்கள் இருவரும் இன்றுவரை நான் கடைசி என்று சொன்னால் நம்புவதில்லை. மீதி ஏழும் உன் அப்பாவுடையது.

உன் அப்பாவைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை, அவருக்கும் கேட்டுப் பழக்கம் இல்லை, ஆனாலும் இந்த ஒரு மாதமாக அந்த மனுஷனைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. குரல் ஒன்றும் சொல்லிக்கொள்கிற குரல் இல்லை, தகரத்தை இழுத்த மாதிரி இருக்கும். ஆனால் லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தொரு வருஷம் ஊரில் உள்ள கட்டடமெல்லாம் ஏறி இறங்கி, கிரீஸும் வியர்வையுமாக வீட்டுக்கு வந்து, இந்தக் குழந்தைக்கு நகம் வெட்டப் பயமாக இருக்கிறது என்று நான் சொன்னதும் அந்த நிமிஷத்தில் நகத்துக்கு ஒரு பாட்டுக் கட்டத் தோன்றியதே, அதற்கு ஒரு மனசு வேண்டும். நான் அச்சகத்தில் நாள் பூராவும் அடுத்தவன் பிழையைத் திருத்திவிட்டு வீட்டுக்கு வந்தும் உங்கள் பிழையைத்தான் திருத்தினேன். எட்டில் கடைசியாகச் சேர்ந்தது எது தெரியுமா, எங்களுக்கே தெரியாத பாட்டு. லிஃப்டுக்குள் குழந்தை மாட்டிக்கொண்டு அழுதால், கதவைத் திறக்கும்வரை இவர் வெளியிலிருந்து இடுக்கு வழியாகப் பாடுவாராம். மேல ஒரு மாடி கீழ ஒரு மாடி நடுவில ஒரு ராஜா என்று தொடங்கும். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அது டியூட்டி என்றார். கல்லுளிமங்கன்.

இந்த எட்டில் சின்னவனுக்கு உயிர் எதன்மேல் என்று உனக்குத் தெரியும். படிப்பாட்டு. பழைய வீட்டில் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது பாடுவது. ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட வைத்தவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, அதைச் சொல்லிச் சொல்லி நான் அவர் மானத்தை வாங்கியதும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வளைவுக்கு எட்டுப் படி, மொத்தம் ஆறு வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் முதலிலிருந்து பாட வேண்டும். ஒண்ணு ஒட்டகம் ஏறுது, ரெண்டு ரெட்டைச் சடை ஆடுது, மூணு மூச்சு வாங்குது, அஞ்சு அம்மா பார்க்கிறா, ஆறு ஆளைக் காணோம்கிறா, ஏழு ஏன் லேட்டுன்னு கேக்கிறா, எட்டு எட்டிப் பாரு வீடு வந்தாச்சு. நாலு கிடையாது. நாலாவது படியில் ஒரு மூச்சு நின்று, பேசாமல் தாண்டி, அஞ்சுக்குப் போய்விடுவார். இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்ததால்தான் சின்னவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் மூணுக்கு அப்புறம் அஞ்சு என்று எண்ணினான், டீச்சர் நாலு பென்சிலை நீட்டினால் அஞ்சு என்றான், பிழை திருத்துகிறவள் பிள்ளை இப்படியா என்று எனக்கு ஒரு சீட்டு வந்தது. அன்றைக்கு நீதான் அவனை உட்கார வைத்து, நாலுன்னு ஒண்ணு இருக்குடா மடையா என்று ஸ்பூனை வரிசையாக அடுக்கிக் கற்றுக்கொடுத்தாய். நாங்கள் சிரித்தோம். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை, நான் கவனித்தேன்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆல்பத்தின் அட்டையில் வீட்டில் எல்லார் பெயரையும் போட வேண்டும் என்று சின்னவன் உனக்குப் போன் செய்தான் அல்லவா, போன மாதம் இரண்டாவது வாரம். நீ என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியும். அந்தப் பாட்டெல்லாம் உன் பாட்டுடா, எனக்கு அப்பா பாடினதே இல்ல, உன்னைத் தூக்கித் தோள்ல போட்டுட்டுப் பாடிட்டே ஏறுவார், நான் என் பையைத் தூக்கிட்டு முன்னால போவேன், எனக்குப் பாட்டும் இல்ல தூக்கலும் இல்ல, அட்டைல என் பேரைப் போடாதே என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் அவன் அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் பேசினான், போன் வழக்கம்போல ஸ்பீக்கரில் இருந்தது, உன் அப்பா ஜன்னல் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உனக்குத் தெரியாது, உன்மேல் தப்பு இல்லை. சின்னவன் பாய்ந்து போனை அமுக்குவதற்குள் எல்லாம் காதில் விழுந்துவிட்டது. மந்தமான காதுக்கு மற்ற நாளில் சாப்பிட வாங்க என்றால் கேட்காது, அன்றைக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. பேப்பரை மடித்து வைத்து, அவ சொல்றது சரிதானே என்றார், அவ்வளவுதான். எழுந்து போய், கிறீச்சிடாத கதவுக்கு எண்ணெய் போட்டார். மறுநாள் சின்னவனிடம், எனக்குத் தொண்டை சரியில்ல, நான் பாட வரல, யாரையாவது வச்சுப் பாடிக்கோ என்று சொல்லிவிட்டார். உடும்புப் பிடி அவருக்கு, நீயும் அப்படித்தான், எங்கேயிருந்து வந்தது என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

பாவம் சின்னவன், கெஞ்சிப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண்ணைக் கூட்டிவந்து அப்பாவின் ஏழு பாட்டையும் பாட வைத்தான். தேன் மாதிரிக் குரல், குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாட்டு வரிகளைச் சின்னப் புத்தகமாக ஆல்பத்தோடு கொடுக்கப் போகிறார்கள், பிழை பார்க்க அம்மா இருக்கும்போது வெளியே எதற்கு என்று அந்த அச்சுப்படி என்னிடம் வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படிப்பாட்டு வந்தது. ஒண்ணு ஒட்டகம், ரெண்டு ரெட்டைச் சடை, மூணு மூச்சு, அடுத்த வரி நாலு நாற்காலி ஆடுது. எனக்குக் கை நின்றுவிட்டது. சின்னவனைக் கேட்டால், அந்தப் பொண்ணுதாம்மா எழுதிச் சேர்த்தா, எண்ணச் சொல்லிக்கொடுக்கிற பாட்டுல நாலு இல்லாம எப்படி, வாங்குறவங்க திட்ட மாட்டாங்களா என்றான். நியாயந்தான். அவள் பாடினதைப் போட்டுக் காட்டினான், உன் அப்பாவும் அடுப்படி வாசலில் நின்று கேட்டார். நாற்காலி ஆடியதும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நல்லாத்தான் பாடுது அந்தப் பொண்ணு, ஆனா நாலு வேண்டாம்னு சொல்லு என்றார். ஏம்ப்பா என்றான் இவன். வேண்டாம்னா வேண்டாம் என்றார். இல்லப்பா, எல்லாம் பதிவாயிடுச்சு என்றான். அப்ப நானே வர்றேன், எந்த இடம் என்று கேட்டார். இப்படித்தான் தொண்டை சரியாயிற்று.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தோம். ஒலிப்பதிவு அறை இரண்டாவது மாடியில், லிஃப்ட் இருக்கிறது, ஆனால் பழுது என்று அட்டை தொங்குகிறது. உன் அப்பா அதன் கதவில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். நான் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் அன்றைக்குப் பாட்டுக்குப் பதில் லிஃப்ட் தயாராகியிருக்கும். முழங்காலுக்கு மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வேறு வழியில்லை, மெள்ள ஏறலாம் என்றேன். அவர் என்ன செய்தார் என்று நினைக்கிறாய், கீழேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினார். பழைய வீட்டில் செய்வாரே, அதேதான். ஷூவைத் தூக்கிட்டு மாடி ஏறுற ஒரே ஆள் நம்ம அப்பாதான் என்று நீங்கள் இருவரும் கேலி செய்வீர்களே, அதேதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் ஏற, விழுந்தால் தாங்குகிறவள் மாதிரி நான் பின்னால். அப்போது வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாக, ஒண்ணு ஒட்டகம் ஏறுது என்று கேட்டது. நாங்கள் தரைத்தளத்து வீட்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது, ஏழு வருஷமாக இந்தப் பாட்டை நான் கேட்கவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருமல் என்று சமாளித்தேன்.

ஆனால் உள்ளே போய், மைக் முன்னால் நிறுத்தி, காதில் ஹெட்போனை மாட்டி, சட்டைப் பையில் சாவிக்கொத்து குலுங்குது அதையும் எடுத்து வைங்கப்பா என்று வாங்கி வைத்துவிட்டு, ம் பாடுங்க என்றால், மனுஷனுக்கு ஒரு வரி வரவில்லை. ஒண்ணு என்பார், நிற்பார். ஒட்டகம் என்பார், என்னைப் பார்ப்பார். பத்துத் தடவை ஆயிற்று. நெற்றியெல்லாம் வியர்வை. எனக்கு மறந்துபோச்சு போல, விட்டுடுங்க என்று ஹெட்போனைக் கழற்றினார், அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மறக்கவும் இல்ல ஒண்ணும் இல்ல, இப்ப ஏறி வரும்போது முழுசாப் பாடிட்டுத்தான் வந்தார், நின்னுக்கிட்டுப் பாடுற பாட்டாடா அது, படியில பாடுற பாட்டு, படியில பாடச் சொல்லு என்று சின்னவனைக் கடிந்துகொண்டேன். அவனுக்குப் பொறி தட்டிவிட்டது. வயரையெல்லாம் இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினான், எதிரொலி வராமல் இருக்க ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டான், வாட்ச்மேனைக் கீழே காவல் வைத்து யாரையும் மேலே விடாதே என்றான். ஒரு வழக்கறிஞரும் இரண்டு தண்ணீர் கேன்காரர்களும் கால் மணி நேரம் கீழே காத்துக் கிடந்தார்கள். உன் அப்பா சாவிக்கொத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், அது இல்லாமல் படி ஏற அவருக்கு வராதாம். வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகியும் எந்தக் கதவையும் திறக்காத சாவி அத்தனையும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

ஏறினார். என்ன சொல்வேன், அந்தத் தகரக் குரல் படியில் வந்ததும் வேறு குரலாக இருந்தது. காலுக்கும் பாட்டுக்கும் ஒரே மூச்சு. மூணு மூச்சு வாங்குது என்று அவர் பாடியபோது நிஜமாகவே மூச்சு வாங்கியது. நாலாவது படியில் காலை வைத்ததும் நின்றார். வாய் மூடியிருந்தது. வலது கை மட்டும் தானாக உயர்ந்து, எதையோ மார்போடு சேர்த்து அணைப்பதுபோல மடங்கியது, பையில் சாவி ஒரு தடவை குலுங்கியது. அப்புறம் அஞ்சு அம்மா பார்க்கிறா. வலியோடு மூன்று தடவை இறங்கி ஏறினார், மூன்று தடவையும் அதே இடத்தில் அதே கை, அதே சாவிச் சத்தம். தேன் குரல்காரப் பெண் மேல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், முடிந்ததும் என் கையிலிருந்த அச்சுப்படியை வாங்கித் தன் நாற்காலி வரியைத் தானே பேனாவால் அடித்துவிட்டாள். நல்ல பெண். சின்னவன்தான் கேட்டான், நாலு என்னப்பா ஆச்சு, முதல்லயே இல்லையா என்று. உன் அப்பா படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டே, அந்தப் படி சரியில்லடா என்றார். எங்கள் பழைய வீட்டுப் படியைச் சொல்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை, ஸ்டுடியோ படி என்று நினைத்து, சிமெண்ட் பெயர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான்.

இனிமேல் நான் சொல்வதை உட்கார்ந்து படி. உன் தாடைக்குக் கீழே மூன்று தையல் போட்ட தழும்பு இருக்கிறது அல்லவா, சின்ன வயதில் மாடிப்படியில் ஓடி விழுந்தாய் என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். நீ ஓடவில்லை. அவர் தோளில் இருந்தாய். உனக்கு மூன்றரை வயது, இப்போது உன் குட்டிக்கு என்ன வயதோ அதே வயது. உன் தம்பி பிறக்கவே இன்னும் இரண்டரை வருஷம் இருந்தது. வேலையிலிருந்து வந்தவர் கீழே விளையாடிக்கொண்டிருந்த உன்னைத் தூக்கிக்கொண்டு, பாடிக்கொண்டே ஏறினார். அந்தப் பாட்டு உனக்காகக் கட்டினது. யோசித்துப் பார், ரெண்டு ரெட்டைச் சடை ஆடுது என்று வருகிறதே, உன் தம்பிக்கா சடை இருந்தது. அப்போது நாலும் இருந்தது. அன்றைக்கு ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் மெஷின் ரூமில் மிதித்த கிரீஸ் ஷூவின் அடியில் ஒட்டியிருந்திருக்கிறது, மூன்றாவது வளைவில் நாலாவது படியில் கால் வழுக்கிவிட்டது. நான் மேலே கதவைத் திறந்துவைத்துப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றது, அப்புறம் நீ அழுதது. ஓடிவந்து பார்த்தால் அவர் சட்டை முழுக்க ரத்தம், உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவே தெரியவில்லை அவருக்கு. ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தாள் என்று கேட்டார்கள். நான்தான் முந்திக்கொண்டு, ஓடினாள் விழுந்துவிட்டாள் என்றேன். உறவுக்காரர்கள் வாயில் அவர் விழக்கூடாது என்று சொன்ன பொய் அது, அப்புறம் அதையே உனக்கும் சொல்லிவிட்டேன். ஊரார் பிழையெல்லாம் திருத்தினவள், நான் போட்ட இந்தப் பிழையை மட்டும் திருத்தவில்லை. இதற்கு என்னைத் திட்டுவதானால் திட்டு, அவரைத் திட்டாதே.

அன்றிலிருந்து அவர் உன்னைத் தூக்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை, பயம். என் கைக்கு அவளைத் தாங்கத் தெரியலை என்பார், நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஷூவைக் கீழேயே கழற்றுகிற பழக்கம் அன்று பிடித்ததுதான், அதைத்தான் நாம் இத்தனை வருஷம் கேலி செய்தோம். உன்னை முன்னால் விட்டு அவர் பின்னால் ஏறுவார், இரண்டு படி கீழே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நீ சாய்ந்தால் பிடிக்க. பாட்டை மெதுவாக முணுமுணுத்துக்கொண்டே வருவார், உரக்கப் பாடினால் நீ திரும்பிப் பார்ப்பாய், திரும்பினால் விழுவாய் என்று. முன்னால் போகிறவளுக்குப் பின்னால் வருகிற கை எப்படித் தெரியும். நீ சொன்னது பொய் இல்லை கண்ணு, உன்னைத் தூக்கவில்லை, நீ பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாய், எல்லாம் உண்மை. ஆனால் உன் தம்பி பிறந்து ஒரு வயது ஆகும்வரை அவர் எந்தக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு படி ஏறியதில்லை. ஒருநாள் நான் இரண்டு கையிலும் சாமானை வைத்துக்கொண்டு, எனக்குக் கை இல்லை, இந்தா பிடிங்க என்று சின்னவனை அவர் தோளில் வலுக்கட்டாயமாகப் போட்டேன். அப்படித்தான் அவன் ஏறினான் அந்தத் தோளில். உனக்கென்று இருந்ததைத்தான் அவன் அனுபவித்தான். நீ முன்னால் போனாய், அவர் அவனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார், ஒரு கை அவனைப் பிடித்திருந்தது, இன்னொரு கை எப்போதும் உனக்காக நீண்டிருந்தது. ஷூ இரண்டும் லேஸில் முடிந்து அவர் கழுத்தில் தொங்கும். நான் பின்னாலேயே வந்து பார்த்தவள்.

சின்னவனிடம் இதையெல்லாம் போன வாரம்தான் சொன்னேன்.  அந்த இடத்தை அப்படியே விடறேம்மா, ஒரு மூச்சு அளவு, சாவிச் சத்தத்தோட என்றான். புத்தகத்திலும் நாலாவது வரிக்கு வெறும் இடம்தான் விட்டிருக்கிறோம். வருகிற இருபதாம் தேதிக்குப் பிறகு எதையும் மாற்ற முடியாதாம். அட்டையில் உன் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதை நீ அவனிடம் சொல்லிவிடு, கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் நாலாவது வரி என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும். இந்த உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவர் வாயால் இனி வராது, என் வாயால் வரக் கூடாது. நாலு, நானிருக்கேன் பயப்படாதே. இதைப் பாடிக்கொண்டிருக்கும்போதுதான் கால் வழுக்கியது. இருக்கிறேன் என்று சொன்ன வாயோடு குழந்தையைக் கீழே போட்டுவிட்டேன் என்று அந்த மனுஷன் அந்த வரியை அன்றைக்கு விழுங்கினவர்தான். அந்த ஒரு மூச்சு இடம் உன்னுடையது. நிரப்ப வேண்டும் என்று தோன்றினால் நீ பாடி அனுப்பு, நீ பாடினால் அவர் காதுக்கு ஸ்பீக்கர் இல்லாமலும் கேட்கும். எழுபத்திரண்டு வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாலாவது படியில் நிற்கிறவரிடம், நானிருக்கேன் பயப்படாதே என்று ஒருத்தர் சொன்னால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, வெறும் இடமாகவே இருக்கட்டும், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

நீங்கள் இருப்பது பதினோராவது மாடி, லிஃப்ட் இருக்கிறது, குட்டிக்குப் படி என்றால் என்ன என்றே தெரியாது என்று போன தடவை சொன்னாய். வாரத்தில் ஒரு நாளாவது ஒரு மாடி முன்னாலேயே இறங்கி அவளை நடத்திக் கூட்டிப்போ, கால் பலப்படும். நீ வேலை வேலை என்று மத்தியானம் சாப்பிடாமல் இருக்காதே, மாப்பிள்ளை போட்டுக்கொடுத்துவிட்டார். முதுகு வலிக்கு அந்தத் தலையணையை மாற்று. மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். இந்தக் கடிதம் வந்ததைப் போனில் சொல்லாதே, ஸ்பீக்கர் என்பது ஞாபகம் இருக்கட்டும், எண்ணெய் வாங்கிவிட்டேன் என்று மட்டும் சொல், எனக்குப் புரியும். உறையில் முகவரியை உன் அப்பாதான் எழுதப்போகிறார், என் கையெழுத்தை வெளிநாட்டுத் தபால்காரன் படிக்க மாட்டானாம், உள்ளே என்ன எழுதினேன் என்று அவர் கேட்க மாட்டார். நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல், உன் பிள்ளை உன்னைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி வாழ வேண்டும்.

கண்ணாடி போடாமலே உன் பிழைகளைக் காண்கிற,
உன் அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், இரு என்று சொல்லி உன் அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கரண்ட் போகும், லிஃப்ட் நிற்கும், குட்டியை நீ தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கும். உங்கள் கட்டடத்துப் படியில் இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டுமாம்.